ஓட்டு ரகசியம் என்றால், யார் யாருக்குப் போட்டார்கள் என்று ஆய்வாளர்களுக்கு எப்படித் தெரிகிறது?

கேள்வி இது: "தேர்தல் முடிவு வந்த மறுநாளே 'இந்தச் சமூகத்தில் 60 சதவீதம் பேர் இந்தக் கூட்டணிக்குப் போட்டார்கள், பெண்கள் ஓட்டு அந்தப் பக்கம் சாய்ந்தது' என்று எழுதுகிறார்கள். ஓட்டு மெஷினில் யார் பெயரும் பதிவாவதில்லை. அப்புறம் இந்தக் கணக்கெல்லாம் எங்கிருந்து வருகிறது? மக்கள் ஏன் அப்படிப் போட்டார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்?"

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். இந்தத் துறை முழுவதுமே அந்த ரகசியத்தைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கிறது. அட்டை மறைப்புக்குப் பின்னால் எட்டிப் பார்க்க யாருக்கும் உரிமை கிடையாது, இருக்கவும் கூடாது. அப்படியானால் வெளியே தெரிகிற தடயங்களை வைத்துத்தான் உள்ளே நடந்ததைச் சொல்ல வேண்டும். கல்லூரி முடித்த புதிதில் தேர்தல் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகப் போயிருக்கிறேன். பிறகு பல வருடம் அந்தத் தரவுகளோடு உட்கார்ந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் தடயம் அரசாங்கமே கொடுப்பது. ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் 'படிவம் 20' என்று ஒன்று வெளியாகும். தொகுதியில் உள்ள ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டு விழுந்தது என்பது அதில் வரிசையாக இருக்கும். ஒரு பூத்துக்குச் சுமார் ஆயிரம் வாக்காளர் என்று வைத்துக்கொண்டால், நாலைந்து தெரு அளவுக்கு இறங்கிப் பார்த்துவிடலாம். வாக்குச்சீட்டுக் காலத்தில் பல பூத்துகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ணும் வழக்கம் இருந்தது. எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று தெரிந்தால் ஜெயித்தவர்கள் பழிவாங்கிவிடுவார்களோ என்ற கவலைதான் காரணம். மெஷின் வந்த பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணுகிறார்கள். பல மெஷின்களின் கூட்டுத்தொகையை மட்டும் காட்டும் 'டோட்டலைசர்' கருவியைப் பயன்படுத்தலாம் என்று தேர்தல் ஆணையம் யோசனை சொன்னது. அது நடைமுறைக்கு வரவில்லை. பூத் வாரியான கணக்கு இல்லாமல் என் வேலை பாதி நடந்திருக்காது. ஆனாலும் இதில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. நாற்பது வீடு மட்டும் உள்ள மலைக்கிராமத்துக்குத் தனி பூத் இருந்தால், அங்கே ரகசியம் என்பது பெயரளவில்தான் மிஞ்சும்.

சரி, பூத் கணக்கை வைத்துக்கொண்டு "இந்தச் சாதி இன்னாருக்குப் போட்டது" என்று சொல்லிவிடலாமா? சில இடங்களில் ஓரளவு சொல்லலாம். தமிழ்நாட்டில் பல கிராமங்களில் ஊருக்கு ஒரு பூத், காலனிக்கு ஒரு பூத் என்று இருக்கும். காலனி பூத்தில் ஒரு கட்சிக்கு 80 சதவீதம் விழுந்திருந்தால், அங்கே வசிப்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்சிக்குப் போட்டார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கலந்து வாழும் இடங்களில் இதே ஊகம் பெரிய பள்ளத்தில் தள்ளிவிடும்.

அந்தப் பள்ளத்தை 1950 இல் டபிள்யூ. எஸ். ராபின்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் எல்லோருக்கும் புரியும்படி காட்டினார். 1930 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை எடுத்து, மாநிலம் மாநிலமாகப் பார்த்தார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமாக இருந்த மாநிலங்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் குறைவாக இருந்தார்கள். அப்படியானால் குடியேறி வந்தவர்கள் நன்றாகப் படித்தவர்கள் என்றுதானே தோன்றும்? தனித்தனி ஆட்களாக எடுத்துப் பார்த்தபோது தலைகீழாக இருந்தது. குடியேறியவர்களிடையே எழுத்தறிவின்மை கொஞ்சம் அதிகம். உள்ளூர் மக்கள் நன்றாகப் படித்திருந்த மாநிலங்களுக்கு வந்து அவர்கள் குடியேறினார்கள், அவ்வளவுதான். மொத்தக் கணக்கு தனி மனிதரைப் பற்றித் தவறான கதை சொல்லிவிட்டது.

நம் ஊருக்கு இதை அப்படியே பொருத்திப் பாருங்கள். ஒரு சமூகத்தினர் 40 சதவீதம் இருக்கும் தொகுதியில் ஒரு கட்சி ஜெயித்துவிட்டது. அந்த 40 சதவீதம்தான் ஜெயிக்க வைத்தது என்று எழுதிவிடுகிறார்கள். அவர்கள் அதிகமாக இருப்பதைப் பார்த்து மிரண்டு, மீதி 60 சதவீதம் பேர் ஒன்றுசேர்ந்து போட்டிருக்கலாம். பூத் கணக்கு மட்டும் இந்த இரண்டில் எது நடந்தது என்று சொல்லாது. அதைவிட அடிப்படையான சிக்கல், அந்த '40 சதவீதம்' என்பதே எங்கிருந்து வந்தது என்பது. எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்ட கடைசி மக்கள்தொகைக் கணக்கு 1931 இல் எடுத்தது. அதற்குப் பின் வந்த கணக்குகளில் பட்டியல் சாதி, பழங்குடி எண்ணிக்கை மட்டுமே கிடைத்து வந்தது. டிவி விவாதங்களில் தொகுதி வாரியாகச் சொல்லப்படும் மற்ற சாதி எண்ணிக்கைகள் பெரும்பாலும் கட்சிக்காரர்களும் உள்ளூர் நிருபர்களும் மனக்கணக்காகச் சொன்னவை. ஒவ்வொரு சமூகத் தலைவரும் சொல்லும் எண்ணிக்கையைக் கூட்டினால் தமிழ்நாட்டு மக்கள்தொகையைத் தாண்டிவிடும்.

அதனால்தான் ஆளிடமே போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்பதிலும் எத்தனை பேரிடம் கேட்கிறோம் என்பதைவிட யாரிடம் கேட்கிறோம் என்பதுதான் முக்கியம். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை சுமார் 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் 57 சதவீதம் வாங்கி ஜெயிப்பார் என்று அறிவித்தது. அப்போது அதிபராக இருந்த ரூஸ்வெல்ட் 60 சதவீதத்துக்கும் மேல் வாங்கினார். லாண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே மாநிலங்கள். பத்திரிகை முகவரிகளை எடுத்தது தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் வைத்திருப்பவர்கள் பட்டியலிலிருந்தும். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர்கள் யார் என்று நினைத்துப் பாருங்கள். சீட்டு வந்தவர்களிலும், ரூஸ்வெல்ட் மேல் கோபமாக இருந்தவர்கள்தான் மெனக்கெட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப் என்ற கருத்துக் கணிப்பாளர், அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு ரூஸ்வெல்ட் ஜெயிப்பார் என்று சரியாகச் சொன்னார்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்த வேலைக்கும் பொருந்தும். ஆனால் மேலே மிதக்கும் சோற்றை எடுத்துப் பார்த்தால் அடியில் குழைந்திருப்பது தெரியாது. எந்தச் சோற்றை எடுப்பது என்பதை எடுப்பவரின் கைக்கு விடாமல், குலுக்கல் முறைக்கு விட்டுவிடுவதுதான் மாதிரிக் கணிப்பின் உயிர்.

இந்தியாவில் இதை நீண்ட காலமாகச் செய்துவரும் நிறுவனம் டெல்லியில் உள்ள சிஎஸ்டிஎஸ் (வளரும் சமூகங்கள் ஆய்வு மையம்). அரசியல் அறிஞர் ரஜனி கோத்தாரி 1963 இல் தொடங்கியது. 1967 பொதுத்தேர்தலின்போது நாடு தழுவிய வாக்காளர் ஆய்வை அங்கே நடத்தினார்கள். 1996 முதல் ஒவ்வொரு மக்களவைத் தேர்தலுக்கும் அங்கே தேசியத் தேர்தல் ஆய்வு நடந்துவருகிறது, பிறகு தொடங்கிய அதன் 'லோக்நிதி' பிரிவுதான் இப்போது அதை நடத்துகிறது. முறை இது. முதலில் தொகுதிகளைக் குலுக்கலில் எடுப்பார்கள். அந்தத் தொகுதிக்குள் சில வாக்குச்சாவடிகள். அந்தச் சாவடியின் வாக்காளர் பட்டியலில் குறிப்பிட்ட இடைவெளியில் சில பெயர்கள். ஊழியர் அந்தப் பெயர் உள்ளவரின் வீட்டுக்கே போய்ப் பேச வேண்டும். டீக்கடையில் நிற்பவரைப் பிடித்துக் கேட்டுவிட்டு வரக்கூடாது. டீக்கடையில் கேட்டால் பெண்கள் வரமாட்டார்கள், வயல் வேலைக்குப் போனவர்கள் வரமாட்டார்கள், அரசியல் பேசப் பிடித்தவர்கள் மட்டுமே வருவார்கள்.

நான் வேலை செய்தது வேறோர் ஆய்வுக் குழுவுக்கு, முறை இதேதான். விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம். கையில் இருபது பெயர், கதவு எண், பாகம் எண். முதல் வீடு பூட்டியிருந்தது. குடும்பமே திருப்பூருக்குப் போய்விட்டது. இரண்டாவது பெயர் இறந்து இரண்டு வருடம் ஆகியும் பட்டியலில் இருந்தது. மூன்றாவது ஓர் அம்மா, அறுபதைத் தாண்டியவர், நூறு நாள் வேலை முடித்து வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "கணக்கெடுக்க வந்தியா தம்பி? வூடு குடுப்பாங்களா?" என்றுதான் ஆரம்பித்தார். கிராமத்தில் யார் பேப்பர் எடுத்துக்கொண்டு வந்தாலும் அரசாங்கம்தான். அந்த எண்ணத்தைக் கலைக்காமல் விட்டால், ஆளும் கட்சியைப் பற்றி ஒரு குறையும் வாயிலிருந்து வராது. அதை விளக்குவதற்கே கால் மணி நேரம் ஆனது.

நான் கேட்பதற்கெல்லாம் பக்கத்திலிருந்த மகன் பதில் சொன்னார். "அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நாங்க சொல்ற சின்னத்துலதான் போடும்." எங்களுக்குக் கொடுத்த பயிற்சியில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு இருந்தது. வேட்பாளர் பெயர், சின்னம் எல்லாம் அச்சடித்த மாதிரி வாக்குச்சீட்டு, பூட்டிய சின்ன அட்டைப்பெட்டி. "யாருக்குப் போட்டீர்கள்" என்று வாய்விட்டுக் கேட்கக்கூடாது. சீட்டைக் கொடுத்துவிட்டு நாங்களே திரும்பிக்கொள்ள வேண்டும். அந்த அம்மா சீட்டை வாங்கினார். மகனுக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, மெதுவாகக் குறிபோட்டு, நாலாக மடித்துப் பெட்டிக்குள் போட்டார். நான் கிளம்பும்போது கூடவே நாலு எட்டு நடந்து வந்து, "எம்மவன்கிட்ட சொல்லிடாதப்பா" என்றார். அவர் யாருக்குக் குறிபோட்டார் என்று எனக்கும் தெரியாது. சீட்டில் எண் மட்டும்தான். பெட்டியைத் திறந்து எண்ணுவது வேறொருவர்.

அந்தச் சீட்டும் பெட்டியும் இல்லையென்றால், அந்த வீட்டிலிருந்து நான் மகனுடைய ஓட்டை இரண்டு தடவை எழுதிக்கொண்டு வந்திருப்பேன். பெண்கள் வீட்டுக்காரர் சொல்கிறபடி போடுகிறார்கள் என்று எத்தனை காலம் எழுதினார்கள்! 1962 மக்களவைத் தேர்தலில் ஆண்களில் 63 சதவீதம் பேரும் பெண்களில் 47 சதவீதத்துக்கும் குறைவானவர்களும் ஓட்டுப் போட்டார்கள். 2019 இல் இருவரும் 67 சதவீதம், பெண்கள் ஒரு மயிரிழை முன்னால். பூத்துக்கு வருவதில் இந்த மாற்றம் நடந்திருக்கும்போது, உள்ளே அவர்கள் எதைப் பார்த்துப் போடுகிறார்கள் என்பதை அவர்களிடமே தனியாகக் கேட்காமல் யாரும் சொல்ல முடியாது.

எப்போது கேட்கிறோம் என்பதும் பெரிய விஷயம். முடிவு வந்த பிறகு போனால், ஜெயித்த கட்சிக்குப் போட்டதாகச் சொல்பவர்கள் அதிகமாகிவிடுவார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை, நினைவே அப்படி நகர்ந்துவிடுகிறது. அதனால் ஓட்டுப்பதிவு முடிந்து எண்ணிக்கை தொடங்குவதற்குள் கேட்டுவிடப் பார்ப்பார்கள். 2024 இல் தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19, எண்ணிக்கை ஜூன் 4. இடைவெளி தாராளம். சில மாநிலங்களில் இரண்டே நாள்தான் கிடைக்கும். இன்னொன்று, ஓட்டே போடாதவர்களில் ஒரு பங்கினர் போட்டதாகவே சொல்வார்கள். எந்த நாட்டுக் கணிப்பை எடுத்தாலும் இது உண்டு. ஓட்டுப் போடுவது நல்ல காரியம் என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் வரும் கூச்சம் அது.

இப்போது உங்கள் 60 சதவீதத்துக்கு வருகிறேன். ஒரு மாநிலத்தில் ஒழுங்காகக் குலுக்கி எடுத்த 1,200 பேரிடம் கேட்டால், மொத்த மாநிலத்துக்கான கணக்கு ஏறத்தாழ 3 சதவீதம் முன்னே பின்னே இருக்கும். பரவாயில்லை. ஆனால் அந்த 1,200 பேரில் ஒரு குறிப்பிட்ட சாதியைச் சேர்ந்தவர்கள் 60 பேர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் 36 பேர் ஒரு கூட்டணிக்குப் போட்டதாகச் சொன்னார்கள். உடனே '60 சதவீதம்' என்று அட்டவணை வந்துவிடும். அந்த 60 பேரை வைத்துச் சொல்லக்கூடியது, உண்மை 48 க்கும் 72 க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்பது மட்டும்தான். ஒரே சாவடியிலிருந்து பலரை எடுப்பதால் இந்த இடைவெளி இன்னும் அகலமாகும். 48 என்றால் அந்தச் சமூகம் இரண்டாகப் பிரிந்து நின்றது. 72 என்றால் ஒரு பக்கமாகத் திரண்டது. இரண்டும் முற்றிலும் வேறு வேறு அரசியல். அட்டவணையில் இருக்கும் ஒற்றை எண் இந்தத் தடுமாற்றத்தை மறைத்துவிடுகிறது. நல்ல ஆய்வாளர்கள் எத்தனை பேர் என்பதைக் கீழே எழுதுவார்கள். செய்தியாக மாறும்போது முதலில் காணாமல் போவது அந்த வரிதான்.

கேட்டாலும் உண்மை வராத கேள்விகளும் உண்டு. நமக்கு நன்றாகப் பழக்கமான ஒன்று, பணப் பட்டுவாடா. 2016 இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களை ரத்து செய்தார்கள். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல், 2019 இல் வேலூர் மக்களவைத் தொகுதி. நான்குக்கும் தேர்தல் ஆணையம் சொன்ன காரணம் பணம்தான். ஆனால் வீட்டுக்குப் போய் "உங்களுக்குக் காசு வந்ததா" என்று கேளுங்கள், "எங்களுக்கு வரல, அடுத்த தெருவுல குடுத்தாங்கன்னு சொன்னாங்க" என்பார்கள். அடுத்த தெருவிலும் அதே பதில்தான்.

இதற்கு ஓர் அழகான வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். வாக்காளர்களைக் குலுக்கலில் இரண்டு பாதியாகப் பிரிப்பார்கள். முதல் பாதிக்கு நாலு விஷயம் உள்ள பட்டியல்: கட்சிக்காரர்கள் உங்கள் தெருவில் போஸ்டர் ஒட்டினார்கள், வீட்டுக்கு வந்து ஓட்டுக் கேட்டார்கள், கூட்டம் போட்டார்கள், நோட்டீஸ் கொடுத்தார்கள். இரண்டாவது பாதிக்கு அதே நாலோடு ஐந்தாவதாக 'பணமோ பொருளோ கொடுத்தார்கள்' என்பதும் சேரும். "இதில் எது எது நடந்தது என்று சொல்ல வேண்டாம். எத்தனை நடந்தது, அதை மட்டும் சொல்லுங்கள்" என்பார்கள். "மூன்று" என்று சொன்னவர் எந்த மூன்றைச் சொன்னார் என்று கேட்பவருக்குத் தெரியாது, அதனால் தைரியமாகச் சொல்வார்கள். முதல் பாதியின் சராசரி 2.1, இரண்டாவது பாதியின் சராசரி 2.4 என்று வந்தால், அந்த 0.3 வித்தியாசம் முழுவதும் ஐந்தாவது விஷயத்தால் வந்தது. அதாவது 30 சதவீதம் பேருக்குப் பணமோ பொருளோ வந்திருக்கிறது. இது விளங்குவதற்காக நான் போட்ட கணக்கு. உண்மையான கணக்கு ஒன்று, நிகரகுவா நாட்டின் 2008 உள்ளாட்சித் தேர்தலை ஒட்டி எடுத்தது. நேராகக் கேட்டபோது 2 சதவீதம் அளவுக்குத்தான் ஒப்புக்கொண்டார்கள். பட்டியல் முறையில் 24 சதவீதம் வந்தது. எந்தத் தனி ஆளையும் காட்டிக்கொடுக்காமல் மொத்த உண்மையை வெளியே கொண்டுவரும் இந்த முறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

காசு வாங்கினார்கள் என்பதும் காசுக்காகப் போட்டார்கள் என்பதும் ஒன்றல்ல. இரண்டு பக்கமும் கொடுத்து, ஒரு பக்கம்தான் ஜெயிக்கிறது. தோற்றவர் கொடுத்த காசும் வீட்டுக்குள் போயிருக்கிறது, ஓட்டு வரவில்லை. "ஜனங்க காசு வாங்கிட்டுப் போடறாங்க, வேற என்ன" என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். வாக்காளரைப் பற்றி யோசிக்க வேண்டிய இடத்தில் அந்த வரி யோசனையை நிறுத்திவிடுகிறது.

அடுத்தது 'ஏன்' என்ற கேள்வி. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கதை வருகிறது. 1940 இல் பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்பவர் தலைமையில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒஹாயோ மாநிலத்தின் எரீ கவுண்டியில் 600 பேரைத் தேர்ந்தெடுத்து, அதே ஆட்களிடம் மே மாதம் முதல் நவம்பர் தேர்தல் வரை மாதா மாதம் போய்ப் பேசினார்கள். ரேடியோவும் பத்திரிகையும் பிரசாரமும் மக்கள் மனதை எப்படி மாற்றுகின்றன என்று பார்ப்பதுதான் நோக்கம். ஆனால் ஏறத்தாழ பாதிப் பேர் மே மாதமே முடிவு செய்துவிட்டிருந்தார்கள். பிரசாரத்தால் ஒரு கட்சியிலிருந்து எதிர்க்கட்சிக்கு மாறியவர்கள் 8 சதவீதம். வசதி, மதம், நகரமா கிராமமா என்ற மூன்றை வைத்தே பெரும்பாலோர் யாருக்குப் போடுவார்கள் என்று சொல்ல முடிந்தது. ரேடியோவைவிட வீட்டிலும் வேலையிடத்திலும் அரசியல் தெரிந்த ஒருவர் சொல்வதைத்தான் மக்கள் கேட்டார்கள். நம் கிராமத்து டீக்கடையில் பேப்பர் படித்துச் சொல்பவரை நினைத்துக்கொள்ளுங்கள், அவரேதான். கவனியுங்கள், முடிவைத் தள்ளிப்போட்டவர்கள் பலர் இரண்டு பக்கமும் இழுபட்டவர்கள்: குடும்பம் ஒரு கட்சி, நண்பர்கள் இன்னொரு கட்சி.

பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு 1950களின் தேர்தல்களை ஆராய்ந்து வேறொன்றை அழுத்திச் சொன்னது. கட்சிப் பற்று என்பது சிறு வயதிலேயே வீட்டில் ஒட்டிக்கொள்கிறது, பிறகு வரும் செய்திகளையெல்லாம் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறோம் என்றது. "எங்க தாத்தா காலத்துலேர்ந்து உதயசூரியன்", "எம்ஜிஆருக்கு அப்புறம் இரட்டை இலையைத் தவிர வேற தொட்டதில்ல" என்று சொல்லும் குடும்பங்களைப் பார்த்த நமக்கு இதைப் புரிந்துகொள்ளப் படமே தேவையில்லை. ஆனால் அதை அப்படியே இங்கே பொருத்தவும் முடியாது. கூட்டணி மாறினால் இரட்டை இலைக்காரர் வேறு சின்னத்தில் போட வேண்டியிருக்கும், அப்போது போடுகிறாரா, வீட்டில் உட்கார்ந்துவிடுகிறாரா என்பது நம் ஊருக்கே உரிய கேள்வி.

1957 இல் ஆண்டனி டவுன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் வேறு திசையில் போனார். வாக்காளர் லாப நஷ்டம் பார்ப்பவர் என்று வைத்துக்கொண்டால், லட்சம் பேரில் என் ஒரு ஓட்டால் முடிவு மாறப்போவதில்லை. ஒரு நாள் கூலியை விட்டு வரிசையில் நிற்க வேண்டும். கணக்குப்படி யாருமே வரக்கூடாது. ஆனால் கோடிக்கணக்கில் வருகிறார்கள். ஏன்?

இந்தப் புதிரை இந்தியா இன்னும் ஆழமாக்கிவிட்டது. அமெரிக்காவில் படித்தவர்களும் வசதியானவர்களும்தான் அதிகம் ஓட்டுப் போடுகிறார்கள், அதுதான் உலக வழக்கம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1990களில் லோக்நிதி ஆய்வுகளை வைத்து யோகேந்திர யாதவ் காட்டியது வேறு. தலித் மக்களும் ஏழைகளும் கிராமத்தவரும் மற்றவர்களுக்குச் சமமாக, பல இடங்களில் அதிகமாகவே ஓட்டுப் போடுகிறார்கள். நம் மாநிலத்திலேயே 2024 மக்களவைத் தேர்தலைப் பாருங்கள். தர்மபுரியில் 81 சதவீதம், மத்திய சென்னையில் 54 சதவீதம். மானுடவியலாளர் முகுலிகா பானர்ஜி மேற்கு வங்கக் கிராமங்களில் வருடக்கணக்கில் தங்கியும், 2009 தேர்தலின்போது பல மாநிலங்களில் ஆட்களை வைத்தும் இதைக் கவனித்தார். அவர் காட்டியதில் எனக்கு மறக்காதது வரிசை. பண்ணையாரும் கூலிக்காரரும் ஒரே வரிசையில் நின்று, ஒரே மையை ஒரே விரலில் வாங்குவது வருடத்தில் வேறெந்த நாளிலும் நடப்பதில்லை. லாப நஷ்டக் கணக்கில் அந்த ஒரு நாளுக்கு விலை போட்டு வைக்கவில்லை, அதனால்தான் கணக்கு தப்பியது. இதை நூறு கேள்வி உள்ள படிவம் கண்டுபிடித்திருக்காது. அதற்கு ஊரில் தங்க வேண்டும்.

சாதி பற்றி ஒரு வார்த்தை. 'ஓட்டு வங்கி' என்ற சொல்லை உருவாக்கியவர் சமூகவியலாளர் எம். என். சீனிவாஸ், 1950களில், மைசூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றைப் பற்றி எழுதியபோது. அவர் சொன்னது, ஊர்ப் பெரியவர் தன்னை அண்டியிருப்பவர்களின் ஓட்டை மொத்தமாக ஒருவருக்கு வாங்கித் தருவதை. இன்று அதே சொல் ஒரு சாதி முழுவதும் ஒரே பக்கம் போடும் என்ற பொருளில் புழங்குகிறது. சீனிவாஸ் சொன்ன வங்கியில் அதிகாரம் பெரியவரிடம் இருந்தது. இன்று ஒரு சமூகம் ஒரு பக்கம் சாய்ந்தாலும் அதில் பாதுகாப்பு, வேலை, மரியாதை, உள்ளூர்ப் பகை என்று பல கணக்கு இருக்கும். 'சாதிதான் காரணம்' என்று சொன்னால் அந்தக் கணக்குகளை இன்னும் பார்க்கவில்லை என்று பொருள்.

ஒரே தேர்தலுக்குப் பல காரணம் சொல்லும்போது என்ன ஆகும் என்பதற்கு நம் 1996 நல்ல உதாரணம். அதிமுகவுக்கு 4 இடம்தான் கிடைத்தது, முதலமைச்சரே பர்கூரில் தோற்றார். ஊழல் குற்றச்சாட்டு என்றார்கள், முந்தைய வருடத்து ஆடம்பரத் திருமணம் என்றார்கள், மூப்பனார் தமிழ் மாநிலக் காங்கிரஸ் கண்டது என்றார்கள், ரஜினியின் குரல் என்றார்கள். நாலும் ஒரே நேரத்தில் நடந்தன. ஒன்று இல்லாமல் மற்ற மூன்றும் நடந்த இன்னொரு 1996 நம்மிடம் கிடையாது. எவ்வளவு பெரிய நிபுணர் வந்தாலும் எதற்கு எத்தனை சதவீதம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அதனால் ஆய்வாளர்கள் ஒப்பிடக்கூடிய இடத்தைத் தேடிப் போகிறார்கள். சில சமயம் தாங்களே உருவாக்குகிறார்கள். 2006 ஆகஸ்டில் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு தேர்தலுக்கு முன் 1,80,000 குடும்பங்களைக் குலுக்கலில் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குக் கடிதமே இல்லை. ஒரு பகுதிக்கு 'ஓட்டுப் போடுவது உங்கள் கடமை' என்ற கடிதம். இன்னொரு பகுதிக்கு, நீங்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் போன தேர்தல்களில் ஓட்டுப் போட்டீர்களா இல்லையா என்ற பட்டியல், தேர்தல் முடிந்ததும் புதிய பட்டியல் அனுப்புவோம் என்ற குறிப்போடு. யாருக்குப் போட்டார் என்பதுதான் அங்கே ரகசியம், போட்டாரா என்பது பொதுப் பதிவு. கடிதம் வராதவர்களில் 29.7 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். கடமைக் கடிதம் வந்தவர்களில் 31.5. பக்கத்து வீட்டுப் பட்டியல் வந்தவர்களில் 37.8. குலுக்கலில் பிரித்ததால் மற்ற எல்லாம் சமம், வித்தியாசம் கடிதத்தால்தான் வந்தது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாம். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பது கடமை உணர்வைவிட எத்தனை மடங்கு வேலை செய்கிறது பாருங்கள்!

சில சமயம் வாழ்க்கையே அந்தக் குலுக்கலைச் செய்துவிடும். 2008 இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் சி. பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். இப்படி நூலிழையில் ஜெயித்தவரும் தோற்றவரும் மக்கள் செல்வாக்கில் ஏறத்தாழ சமம்தான். இப்படிப்பட்ட தொகுதிகளை நூற்றுக்கணக்கில் சேர்த்து, அடுத்த தேர்தலில் யாருக்கு என்ன ஆனது என்று பார்த்தால், பதவியில் இருப்பது உதவுகிறதா கெடுக்கிறதா என்பது தெரிந்துவிடும். அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல்களில் பதவியில் இருப்பது பெரிய பலம் என்று வந்தது. இந்தியச் சட்டமன்றங்களில், குறிப்பாக 1990களுக்குப் பிறகு, அதுவே பாரம் என்று வந்தது. 'ஆட்சிக்கு எதிரான அலை' என்று நாம் சும்மா சொல்லிக்கொண்டிருந்ததற்கு உறுதியான ஆதாரம் கிடைத்த இடம் அது.

கடைசியாக ஒன்று, ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் குழம்புகிறார்கள். ஓட்டு மாறியதை விளக்குவது வேறு, இடங்கள் மாறியதை விளக்குவது வேறு. 2019 இல் பாஜக 37.4 சதவீத ஓட்டு வாங்கி 303 இடம் பெற்றது. 2024 இல் 36.6 சதவீதம், 240 இடம். நாடு முழுக்க நூறு பேரில் ஒருவர் கூட நிகராக நகரவில்லை, ஆனால் 63 இடம் போய்விட்டது. எங்கே கூடியது, எங்கே குறைந்தது, எதிரில் யார் யாரோடு சேர்ந்தார்கள் என்பதுதான் கதை. தேர்தல் முடிந்த இரவில் "மக்கள் மனம் மாறிவிட்டது" என்று பேசியவர்கள் எந்த மக்களைச் சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும்.

எவ்வளவு நம்பலாம் என்று கேட்டீர்கள். மொத்தக் கணக்கை ஓரளவு நம்பலாம். பெண்கள், இளைஞர்கள், கிராமம், நகரம் போன்ற பெரிய பிரிவுகளின் கணக்கை எச்சரிக்கையோடு நம்பலாம். சிறிய சாதிகளின் கணக்கை, எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்று பார்க்காமல் நம்ப வேண்டாம். 'இந்த ஒரு காரணத்தால்தான்' என்று சொல்லும் விளக்கத்துக்கு, எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

நீங்களே ஒன்று செய்து பார்க்கலாம். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் படிவம் 20 கிடைக்கும். உங்கள் வாக்காளர் பட்டியலில் பாகம் எண் இருக்கும், உங்கள் பூத் எது என்று காட்டுவது அதுதான். 2016, 2019, 2021, 2024 நாலையும் எடுத்து உங்கள் பூத்தின் வரியை மட்டும் அடுத்தடுத்து எழுதுங்கள். பாக எல்லை நடுவில் மாறியிருக்கலாம், அதை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறகு எந்த வருடம் எண்ணிக்கை பெரிதாகக் குதிக்கிறதோ, அந்த வருடம் உங்கள் தெருவில் என்ன நடந்தது என்று அங்கேயே வாழும் வயதான ஒருவரிடம், முடிந்தால் ஒரு பெண்ணிடம், தனியாக உட்கார்ந்து கேளுங்கள்.